சீரியல் போர்ட்டுக்கு எண் கொடுக்க வேண்டியவர் யார்?

கேள்வி – 2024 ஜூன் 8

கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிறேன். சொந்தமாகச் சிறிய கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) ஒன்று எழுதி வருகிறேன். தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையில் அனுப்பும் சீரியல் போர்ட்டை நடத்தும் 16550 சிப்புக்கான டிரைவர் ஓடத் தொடங்கிவிட்டது. கணினி எழும்பும்போது எந்தப் போர்ட் முதலில் அகப்படுகிறதோ அது சீரியல்0, அடுத்தது சீரியல்1. பிறகு யுஎஸ்பி கேபிள் செருகினால் அது சீரியல்2. லினக்ஸில் ஏன் இத்தனை விதமான பெயர்கள்? ஒரே பெயரும் ஓடும் எண்ணும் போதாதா, அண்ணா?

ஜூன் 8, இரவு

தம்பி, ஒரே பெயர் போதும் என்பதில் பாதியை ஏற்கிறேன். அகப்பட்ட வரிசையில் எண் கொடுப்பதை ஏற்கவே மாட்டேன். அந்த எண்ணை நம்பி ஒருவர் தன் நிரலில் எழுதிவிடுவார். நாளை வரிசை மாறும். எழுதியவர் உங்களைத் தேடி வரமாட்டார், கருவி பழுது என்று நினைத்துக் கழற்றத் தொடங்குவார்.

பழைய பிசியில் சீரியல் போர்ட்டின் பெயர் கொம். கொம்1 என்றால் முகவரி 3எஃப்8 (பதினறும எண்), இன்டரப்ட் (போர்ட் செயலியை அழைக்கும் கம்பி) 4. கொம்2 என்றால் 2எஃப்8, இன்டரப்ட் 3. கொம்3 3இ8, கொம்4 2இ8. இவை முதலிரண்டின் இன்டரப்டுகளையே பகிர்ந்துகொண்டன. லினக்ஸ் அதே அட்டவணையை அப்படியே எடுத்து, 1க்குப் பதில் 0இல் தொடங்கி, டிடிவை-எஸ்0 முதல் டிடிவை-எஸ்3 வரை பெயர் வைத்தது. எண் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பது அங்கே தெளிவாக இருந்தது.

(கருவிப் பெயர்களில் நான் போடும் நடுக்கோடு வாசிக்க வசதிக்காக. கணினியில் கோடு கிடையாது.)

ஜூன் 9

நேற்று எழுதியதை மேலும் கூர்மையாக்க வேண்டும். அந்தக் காலத்திலும் எல்லாம் தெளிவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. ஐபிஎம் பிசியின் பயாஸ் (கணினியை எழுப்பும் உள்நிரல்), எழும்பும்போது போர்ட்டுகளைத் தேடி, கிடைத்த முகவரிகளை நினைவகத்தின் 40:00 இடத்தில் வரிசையாக அடுக்கியது. 3எஃப்8 இல்லாமல் 2எஃப்8 மட்டும் உள்ள கணினியில் அதுவே முதலாவதாக உட்கார்ந்துவிடும். நேரடியாக முகவரியைத் தொடும் மென்பொருள் அதைக் கொம்2 என்றும், பயாஸ் வழியாகப் போகும் மென்பொருள் கொம்1 என்றும் நினைக்கும். தம்பி இப்போது செய்வது அதே தேடல் வரிசைதான். ஆரம்பத்திலிருந்தே இது தொல்லை கொடுத்து வருகிறது.

ஜூன் 11

இந்த விடயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று கிண்ணியா நண்பர் கேட்டிருக்கிறார். காரணம் கொட்பே.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் பலநாள் படகு ஒன்றின் சுக்கான் அறையில் சிறிய கணினிப் பெட்டி பொருத்தியிருந்தார்கள். ஜிபிஎஸ் ஒரு யுஎஸ்பி கேபிளில், அருகில் வரும் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவி இன்னொன்றில். இரண்டும் என்எம்இஏ 0183 என்ற கடற்கருவித் தரநிலையின் வாக்கியங்களைத்தான் அனுப்பும். ஆனால் வழக்கமான ஜிபிஎஸ் வேகம் விநாடிக்கு 4800 பிட், ஏஐஎஸ் வேகம் 38400. பெட்டியோடு வந்த மென்பொருளில் டிடிவை-யுஎஸ்பி0 ஜிபிஎஸ், டிடிவை-யுஎஸ்பி1 ஏஐஎஸ் என்று அச்சடித்ததுபோல் எழுதியிருந்தது.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியின் மின்னழுத்தம் ஒரு கணம் விழும். யுஎஸ்பி ஹப் அறுந்து மீண்டும் வரும். மென்பொருளோ பழைய 0ஐயும் 1ஐயும் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அதனால் கர்னலால் அந்த எண்களை மீண்டும் கொடுக்க முடியாது. கேபிள்கள் 2 ஆகவும் 3 ஆகவும் வந்து உட்காரும். திரையில் படகு கடைசியாக இருந்த இடத்திலேயே நிற்கும். பெட்டியை அணைத்துப் போட்டால் சில நாள் சரியாகும். சில நாள் ஏஐஎஸ் முந்திக்கொண்டு 0 ஆகிவிடும். 38400இல் வருவதை 4800இல் வாசித்தால் கிடைப்பது குப்பை.

படகின் தலைவர் ஜிபிஎஸ் அன்டெனா போய்விட்டது என்று முடிவு செய்து புதிது வாங்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நல்ல வேளை, அன்று அதைத் தடுக்க முடிந்தது. அன்டெனாவில் எந்தக் குறையும் இல்லை. குறை ஓர் எண்ணில்.

படகு கரையில் எத்தனையாவதாகக் கட்டியிருக்கிறது என்று பார்த்து எவரும் அதை அடையாளம் சொல்வதில்லை. பக்கத்தில் தீட்டியிருக்கும் பதிவு எண்ணைப் பார்க்கிறார்கள். கட்டும் இடம் நாளுக்கு நாள் மாறும்.

ஜூன் 11, பின்னேரம்

"யுஎஸ்பி0இல் இருந்த குறை லினக்ஸின் குறைதானே?" என்று ஒருவர். இல்லை. கர்னல் எந்த இடத்திலும் யுஎஸ்பி0 என்றால் ஜிபிஎஸ் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அந்த எண்ணுக்கு இல்லாத பொருளை மென்பொருள் எழுதியவர் ஏற்றிவிட்டார். ஆயினும் டிரைவர் எழுதுபவர் இதை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். ஓர் எண் கண்ணில் பட்டால் மனிதர்கள் அதை நம்புவார்கள்.

ஜூன் 15

தம்பியின் முதற்கேள்விக்கு இப்போதுதான் ஆற அமரப் பதில் எழுத நேரம் கிடைத்தது. லினக்ஸில் ஏன் இத்தனை பெயர்கள்?

ஒவ்வொரு கருவிக்கும் கர்னல் உள்ளே இரண்டு எண்கள் உண்டு: மேஜர் (எந்தக் குடும்பம்), மைனர் (அதில் எத்தனையாவது). மேஜர் 4 டிடிவை குடும்பத்துக்கு, அதாவது எழுத்துகளை வரிசையாக அனுப்பி வாங்கும் முனையக் கருவிகளுக்கு. அதில் மைனர் 0 முதல் 63 வரை திரைக்கும் விசைப்பலகைக்குமான மெய்நிகர் கன்சோல்கள்; 64இலிருந்து 255 வரை டிடிவை-எஸ். இந்த இடத்தை 8250 குடும்ப டிரைவர் எடுத்துக்கொண்டது. 16550ம் அதே குடும்பம்தான்.

பிறகு ஏஆர்எம் சிப்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும் வேறு விதமான சீரியல் வன்பொருள். புதிய டிரைவர் எழுதியவர் தானும் டிடிவை-எஸ் என்று பதிவு செய்யப் போனால் அந்த இடத்தில் 8250 ஏற்கெனவே இருக்கும். பதிவு தோற்கும். எனவே ஆளுக்கொரு பெயர். ஏஆர்எம்மின் பிஎல்011 என்ற சீரியல் வன்பொருள் டிடிவை-ஏஎம்ஏ ஆயிற்று. மேஜர் 204, மைனர் 64இலிருந்து. சாம்சங் டிடிவை-எஸ்ஏசி. ஐ.எம்எக்ஸ் சிப்புகள் டிடிவை-எம்எக்ஸ்சி. சைலிங்ஸ் டிடிவை-பிஎஸ். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமாப் சிப்புகள் டிடிவை-ஓ. யுஎஸ்பி மாற்றிக் கேபிள்களுக்கு மேஜர் 188, சிடிசி ஏசிஎம் வகைக்கு 166.

ஓமாப்பின் கதை இங்கே முக்கியம். சில ஆண்டுகள் டிடிவை-ஓ0 என்று இருந்தது. அந்த வன்பொருளும் அடிப்படையில் 8250 வகைதான் என்பதால், பின்னர் 8250 சட்டகத்துக்குள் புதிய டிரைவர் எழுதினார்கள். பெயர் டிடிவை-எஸ்0 ஆகிவிட்டது. சர்க்யூட் பலகை மாறவில்லை, வயர் மாறவில்லை. ஆனால் எழும்பும் கட்டளையில், கர்னலின் செய்திகள் போக வேண்டிய கன்சோல் டிடிவை-ஓ0 என்று எழுதி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் திரை மௌனமாகிவிடும். பழைய பெயரைக் கண்டால் புதியதாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கர்னலிலேயே தனித் தெரிவாகச் சேர்க்க வேண்டியிருந்தது. டிரைவரின் பெயரைக் கருவியின் பெயரில் ஏற்றினால் டிரைவர் மாறும் நாளில் கருவியின் பெயரும் செத்துவிடும்.

இதனால்தான் ஒரே பெயர் என்பதில் பாதியை ஏற்கிறேன் என்றேன். பலகையில் நிரந்தரமாக உள்ள போர்ட்டுகளுக்கு, எந்த டிரைவர் ஓட்டினாலும், ஒரே குடும்பப் பெயர் இருப்பது நல்லது. செருகிக் கழற்றும் கேபிள்களை அதே வரிசையில் கலக்காதீர்கள். யுஎஸ்பி என்ற சொல் பெயரிலேயே இருப்பது வாசிப்பவருக்கு எச்சரிக்கை: இது போகும், வரும்.

ஜூன் 15, சற்றுப் பின்

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் சீரியல் போர்ட்டின் பெயர் மாறிவிட்டதே என்று மூதூரிலிருந்து கேட்ட சகோதரிக்கு: நீங்கள் பார்த்தது உண்மைதான். 2016இல் வந்த மூன்றாம் மாதிரியில் நல்ல போர்ட்டான பிஎல்011ஐ, அதாவது டிடிவை-ஏஎம்ஏ0ஐ, புளூடூத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 14, 15 எண் ஜிபிஐஓ முள்களுக்கு வந்தது மினி யுஆர்ட் (யுஆர்ட் என்பது சீரியல் வன்பொருள்), டிடிவை-எஸ்0. அதன் வேகம் சிப்பின் மையக் கடிகாரத்தைச் சார்ந்தது. கடிகாரம் மாறினால் எழுத்துகள் சிதையும். பழைய மாதிரிக்காக எழுதிய நிரல்கள் ஏஎம்ஏ0ஐத் திறந்து புளூடூத் சிப்பிடம் பேசிக்கொண்டிருந்தன. சீரியல்0 என்ற இணைப்புப் பெயர் அதற்குத் தீர்வாக வந்தது. முள்வரிசையில் உள்ள முதன்மைப் போர்ட் எதுவோ அதைக் காட்டும். அதையே திறவுங்கள்.

ஜூன் 16

ஏசிஎம் எந்த நிறுவனம் என்று ஒருவர் கேட்டார். அது எந்த நிறுவனத்தின் பெயருமல்ல. யுஎஸ்பி தரநிலையில் மொடெம் போல நடக்கும் கருவிகளுக்கான வகை. அசல் ஆர்டுயினோ ஊனோ பலகை டிடிவை-ஏசிஎம்0 என்று வரும். சிஎச்340 சிப் வைத்த நகல் டிடிவை-யுஎஸ்பி0 என்று வரும். இரண்டிலும் ஒரே நிரல் ஓடலாம். பெயர் சொல்வது எந்த டிரைவர் பிடித்தது என்பதை மட்டும்.

ஜூன் 22

கச்சான் காற்று வீசுகிறது, உவர்மலையில் பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. சியுஏ என்று தொடங்கும் கருவிப் பெயர்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள், எழுதுகிறேன்.

கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியே பேசிய மொடெம் காலத்தில் ஒரே போர்ட்டுக்கு இரண்டு வேலைகள். வெளியிலிருந்து அழைப்பு வரக் காத்திருக்க வேண்டும். நாமும் வெளியே அழைக்க வேண்டும். காத்திருக்கும் நிரல் டிடிவை பெயரைத் திறக்கும். கேரியர் சமிக்ஞை (மறுமுனை மொடெம் இணைந்துவிட்டது என்ற அறிகுறி) வரும்வரை அந்தத் திறப்பு முடியாது. வெளியே அழைப்பவர் சியுஏ பெயரைத் திறப்பார். கேரியருக்குக் காத்திராமல் உடனே திறக்கும். ஒரு வன்பொருள், இரண்டு பெயர்கள்.

பிஎஸ்டி இயங்குதளக் குடும்பம் இன்றும் இதைப் பேணுகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் பலகைப் போர்ட் டிடிவை-யு0, சியுஏ-யு0. யுஎஸ்பி கேபிளும் அதே எழுத்துத்தான், பெரிய யு. சின்ன யுவுக்கும் பெரிய யுவுக்கும் இடையில் எவ்வளவு நேரம் தொலைந்திருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அப்படிப் பெயர் வைத்திருக்கவே கூடாது. ஓபன்பிஎஸ்டியில் பலகைப் போர்ட்டுக்கு டிடிவை00, சியுஏ00. மேக் கணினியிலும் டிடிவை, சியு என இரண்டு முன்னொட்டுகள் உண்டு. ஜிபிஎஸ் போன்ற கருவி கேரியர் கம்பியைத் தொடுவதே இல்லை. ஆகவே மேக்கில் டிடிவை பெயரைத் திறந்தவர் நிரல் தொங்கிவிட்டது என்று நினைப்பார். சியு பெயரைத் திறந்தால் போதும்.

லினக்ஸ் சியுஏவைக் கைவிட்டுப் பல ஆண்டுகளாகின்றன. காரணம் நியாயமானது. போர்ட்டை ஒருவர் பயன்படுத்தும்போது மற்றவர் தொடாதிருக்கப் பூட்டுக் கோப்பு எழுதுவார்கள், அந்தக் கோப்பின் பெயரில் கருவியின் பெயர் இருக்கும். ஒரு நிரல் சியுஏ1ஐப் பூட்டி, இன்னொன்று டிடிவை-எஸ்1 பூட்டியிருக்கிறதா என்று பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டும் ஒரே கம்பியில் எழுதும். தம்பி, உங்கள் கர்னலில் காத்திருப்பதா வேண்டாமா என்பதைத் திறக்கும்போது கொடுக்கும் கொடியால் (தெரிவுக் குறியால்) தீர்மானியுங்கள். பெயரில் வைக்காதீர்கள்.

இன்னொரு வழியையும் பார்த்து வையுங்கள். பிளான் 9 இயங்குதளத்தில் இஐஏ0 என்பது தரவுக்கான கோப்பு, இஐஏ0-சிடிஎல் என்பது கட்டுப்பாட்டுக்கான கோப்பு. வேகத்தை மாற்ற இரண்டாவதில் பி9600 என்று எழுதினால் போதும். இரண்டு பெயர்கள் இருந்தாலும் இரண்டுக்கும் வேலை வேறு. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஜூன் 23

"என் மடிக்கணினியில் கொம்27 வரை வந்துவிட்டது, வைரஸா?" என்று தம்பலகாமத்திலிருந்து ஓர் ஆசிரியர். இல்லை, சேர்.

விண்டோஸ் உள்ளே கருவிக்கு சீரியல்0 போன்ற பெயரை டிரைவர் கொடுக்கிறது. கொம் எண் அதன் மேல் ஒட்டிய இணைப்பு. எந்த எண்கள் வழங்கப்பட்டுவிட்டன என்று ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் கணக்கு இருக்கிறது. யுஎஸ்பி கேபிளில் தனித்த வரிசை எண் பதிந்திருந்தால் எந்தத் துளையில் செருகினாலும் அதே கொம் எண் வரும். அது இல்லாத கேபிளை ஒவ்வொரு புதிய துளையில் செருகும்போதும் புதிய கருவியாக நினைத்து அடுத்த எண்ணைக் கொடுக்கும். பழையதையும் பிடித்து வைத்திருக்கும். வகுப்பில் மாணவர்கள் பல கேபிள்களைப் பல துளைகளில் செருகியிருப்பார்கள்.

பழைய நிரல் கொம்10ஐயோ அதற்கு மேலோ திறக்க மறுத்தால், பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, மீண்டும் ஒரு பின்சாய்கோடு சேர்க்க வேண்டும். ஒற்றை இலக்க எண்களுக்கு மட்டும் டாஸ் காலத்துச் சலுகை உண்டு. அந்தச் சலுகையின் விலையாக, நெடுங்காலம் கொம்1 என்ற பெயரில் எந்த அடைவிலும் கோப்பு வைக்க முடியாமலே இருந்தது.

இந்த விடயத்தில் விண்டோஸின் எண்ணம் எனக்குச் சரியாகவே படுகிறது. எண்ணைக் கருவியோடு கட்டி வைக்க முயல்கிறது. கேபிள் தன்னை அடையாளம் காட்டாதபோதுதான் தடுமாறுகிறது.

ஜூன் 29

கொட்பே படகுக்கு வருகிறேன். எப்படிச் சரியாயிற்று என்று பலர் கேட்டுவிட்டார்கள்.

லினக்ஸில் கருவிப் பெயர்கள் இருக்கும் டெவ் அடைவுக்குள் சீரியல் என்றோர் அடைவு இருக்கும். அதில் பை-ஐடி, பை-பாத் என இரண்டு. முதலாவதில் நிறுவனம், பொருள், வரிசை எண் சேர்ந்த நீண்ட பெயர். இரண்டாவதில் எந்தத் துளை வழியாக வந்தது என்ற பாதை. இரண்டும், கருவி செருகப்பட்டதும் பெயர்களைக் கவனிக்கும் யுடெவ் என்ற நிரல் உண்டாக்கும் இணைப்புகள். அப்போதைக்கு எந்த டிடிவை-யுஎஸ்பி எண் கிடைத்ததோ அதைக் காட்டும்.

பை-ஐடி போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். கேபிளைப் பார்க்காமல் சொல்லக் கூடாது. கேபிளுக்குள் இருக்கும் எஃப்டிடிஐ சிப்புகளில் பொதுவாகத் தனித்த வரிசை எண் உண்டு. சிஎச்340இல் பெரும்பாலும் இல்லை. சிபி2102 வைத்த பலகைகள் பல 0001 என்ற ஒரே எண்ணோடு வரும். இரண்டைச் செருகினால் இரண்டுக்கும் ஒரே பை-ஐடி பெயர், ஒன்று மற்றதை மறைத்துவிடும். அந்தப் படகில் கேபிள்கள் இரண்டிலும் வரிசை எண்ணே இல்லை. ஆகவே பாதையை வைத்து விதி எழுதினோம்: ஹப்பின் இந்தத் துளையில் வருவது ஜிபிஎஸ், அந்தத் துளையில் வருவது ஏஐஎஸ். துளைகளின் பக்கத்தில் உப்புக்காற்றுக்கு அழியாத மையால் எழுதி, கேபிள்களைப் பட்டியால் இறுக்கினோம். மென்பொருளில் ஜிபிஎஸ் என்ற பெயரைத் திறக்கவும், வாசிப்பு தோற்றால் மூடிவிட்டு அதே பெயரை மீண்டும் திறக்கவும் மாற்றினோம். மின்னழுத்தம் விழுவதைத் தனியாகச் சரிசெய்தார்கள்.

யுடெவ் விதியால் டிடிவை கருவியின் அசல் பெயரை மாற்ற முடியாது, இணைப்பு மட்டும் சேர்க்கலாம். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது சரியான முடிவு. கர்னல் பதிவேட்டில் யுஎஸ்பி2 அறுந்தது என்று வந்தால், அது எது என்று தேட அசல் பெயர் அசையாமல் இருக்க வேண்டும்.

ஜூன் 29, இரவு

கிண்ணியா நண்பர் சேர்த்தது மிகப் பயனுள்ளது. உபுண்டு 22.04இல் சிஎச்340 கேபிளைச் செருகியதும் டிடிவை-யுஎஸ்பி0 தோன்றி உடனே மறைந்தால், பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிவை அதைத் தன்னுடையது என்று எடுத்திருக்கலாம். சில பிரெயில் கருவிகளும் அதே நிறுவன எண்ணையும் பொருள் எண்ணையும் பயன்படுத்துவதே காரணம். அதேபோல் மொடெம்மேனேஜர் என்ற நிரல் புதிய போர்ட்டில் மொடெமுக்கான ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கும். உங்கள் பலகை அதைத் தரவு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அனுமதி மறுக்கப்பட்டால், போர்ட்டைத் திறக்க உரிமையுள்ள டயல்அவுட் குழுவில் சேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஜூலை 6

தம்பி தன் குறியீட்டை அனுப்பியிருந்தார். வாசித்தேன், துப்புரவாக இருக்கிறது. என்ன செய்யச் சொல்கிறேன் என்பதை நேராக எழுதுகிறேன்.

டிரைவர் தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் பெயரில் சொல்லட்டும். பலகைப் போர்ட் என்றால் எந்த இடத்தில் உள்ளது என்று தெரியும். அந்த எண்ணைத் தேடும் வரிசையிலிருந்து எடுக்காமல் பலகை விவரணையிலிருந்து எடுங்கள். லினக்ஸில் அந்த விவரணையான டிவைஸ்ட்ரீயின் அலியாஸ் (மாற்றுப்பெயர்) பகுதி இதற்குத்தான். சீரியல்0 இந்த யுஆர்ட் என்று பலகை செய்தவர் எழுதிவிடுவார். 0 பழுதாகி இல்லாமற் போனாலும் 1 என்றும் 1 ஆகவே இருக்கும். யுஎஸ்பிக்குத் தனிக் குடும்பம். அங்கே எண்ணை ஓடவிடுங்கள். ஆனால் ஒருவர் திறந்து வைத்திருக்கும்வரை அந்த எண்ணை வேறு கருவிக்குக் கொடுக்காதீர்கள். இல்லாவிட்டால் ஜிபிஎஸ் என்று நினைத்து எஞ்சின் கட்டுப்பாட்டுக்கு எழுதிவிடுவார்கள். நிறுவன எண், பொருள் எண், வரிசை எண், துளைப் பாதை நான்கையும் பயனர் நிரல் வாசிக்கும்படி வெளியிடுங்கள். கம்பியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. அந்தப் பெயரைச் செருகியவர் வைக்கட்டும்.

கன்சோலுக்குப் பதிவு செய்யும் பெயரும் கருவிப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் குறியீட்டில், கர்னல் எழும்பத் தொடங்கும்போதே செய்தி காட்டும் முன்கூட்டிய அச்சுக்கு யுஆர்ட் என்றும் பிறகு சீரியல் என்றும் இருக்கிறது. எழும்பும் கட்டளையில் எதை எழுதுவது என்று எவருக்கும் தெரியாது.

ஜூலை 7

0இல் தொடங்குவதா, 1இல் தொடங்குவதா என்று கேட்டிருக்கிறார். லினக்ஸ் 0, விண்டோஸ் 1, க்யூஎன்எக்ஸிலும் முதல் போர்ட் எஸ்இஆர்1. பலகையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள், தம்பி. யுஆர்ட்1, யுஆர்ட்2 என்றிருந்தால் உங்கள் பெயர்களும் 1, 2 ஆகட்டும், 0 காலியாகக் கிடக்கட்டும். மல்டிமீட்டரோடு சுக்கான் அறையில் குனிந்து நிற்பவர் அச்சைப் பார்த்துத்தான் வயரைத் தொடுவார். அச்சு எதுவும் இல்லாத பலகை என்றால் 0இல் தொடங்கி, எது 0 என்று நீங்களே அதில் எழுதிவிடுங்கள்.